தனியவோ போறாய்?

போன செப்டெம்பர் மாதக் கடைசியில் கல்கரியிலிருந்து ஸ்காபரோவில் இருக்கிற அம்மா வீட்டுக்குத் தனியாகக் கார் ஓடி வந்தேன். ஐந்து நாள், ஏறக்குறைய 3,400 கிலோமீற்றர். விமானத்தில் ஏறினால் நாலு மணித்தியாலத்துக்குள் வந்து இறங்கலாம் என்பது எனக்கும் தெரியும். எட்டு வருடமாக அப்படித்தான் வந்து போனேன்.

இந்த முறை காரில் வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. கல்கரியில் நான் செய்தது ஒப்பந்த வேலை. அது முடிந்தது, புதுப்பிக்கவில்லை. வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கட்டிலையும் சோபாவையும் விற்றேன். மிஞ்சியது காரும், அதற்குள் அடங்கக்கூடிய சில பெட்டிகளும். காரை லொறியில் ஏற்றி அனுப்ப விலை கேட்டேன். அந்தக் காசில் பெற்றோலும் போட்டு மோட்டலிலும் தங்கலாம் போல இருந்தது. சரி, ஓடிப் பார்ப்பம் என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுத்தது சுகம். சொன்னதுதான் கஷ்டம்.

மார்க்கத்தில் இருக்கிற சித்தி, நான் வசனத்தை முடிக்க முதலே, "தனியவோ போறாய்? உனக்கென்ன விசரே?" என்றா. ஒட்டாவாவில் இருக்கிற தம்பி, "அக்கா, காரை வித்துப்போட்டு வாங்கோ, ரிக்கெற் நான் போடுறன்" என்றான். அம்மாவோடு கோயிலுக்குப் போகிற ஒரு அன்ரி இருக்கிறா. அதுவரை என்னோடு தொலைபேசியில் கதைத்ததே இல்லை. அவ எங்கேயோ என் நம்பரை எடுத்து அழைத்து, "பொம்பிளைப்பிள்ளை தனிய மோட்டல்ல தங்கிறதோ, என்ன பழக்கமிது?" என்று கேட்டா. எனக்கு வயது 39. லண்டனில் இருக்கிற மச்சாள், கரடி ஒன்று காரின் கதவைத் திறக்கிற வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பினா. கீழே ஒரு சொல்தான் எழுதியிருந்தா: "தனியவோ?"

என்னோடு வேலை செய்த தமிழ்ப் பொடியன் ஒருவர் இதே பாதையில் இரண்டு தரம் தனியாக ஓடியிருக்கிறார், அதில் ஒருமுறை குளிர்காலத்தில். உங்களை ஆராவது தனியவோ என்று கேட்டவையோ என்று விசாரித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நித்திரை வந்தா நிப்பாட்டிப் படு எண்டு அப்பா சொன்னவர்" என்றார். அவ்வளவுதான்.

இதை வைத்து ஆண்களுக்கு ஒரு நியாயம் பெண்களுக்கு ஒரு நியாயம் என்று ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் கட்டுரையைப் பலர் எழுதிவிட்டார்கள், என்னைவிட நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். வழியில் என் யோசனை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

கல்கரியை விட்டு வெளிக்கிட்டால் றொக்கி மலைகள் பின்கண்ணாடியில் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு அவையும் இல்லை. மெடிசின் ஹற், சுவிஃப்ட் கரன்ற், மூஸ் ஜோ என்று ஊர்கள் வந்து போகும். அவற்றுக்கு இடையில் அறுவடை முடிந்த வயலும் வானமும் மட்டும்தான். நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்த வெளிகளில் தூரத்தில் ஒரு பனையாவது நிற்கும். இங்கே கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. பாதைக்குப் பக்கத்தில் ஓடிய சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். பாட்டுப் போட்டேன், சலித்தது. நிப்பாட்டினேன். ஐந்தாறு மணித்தியாலம் பேச்சும் பாட்டும் இல்லாமல் இருந்தது என் வாழ்க்கையில் எப்போதென்று நினைவில்லை.

முதல் இரவு ரெஜைனாவில். அறைக்குள் போனதும் அம்மாவுக்கு எடுத்தேன்.

"கதவைப் பூட்டினியோ?"

"ஓம்."

"சங்கிலியும் போட்டனியோ?"

"ஓம் அம்மா."

"கதிரையை இழுத்துக் கதவுக்கு அண்டக் குடு."

கொடுத்தேன். கொடுத்த சத்தம் கேட்கும்வரை அம்மா தொலைபேசியை வைக்கவில்லை. பிறகு பகிடியாகத்தான் கேட்டேன்: "நீங்கள் பூட்டிட்டீங்களோ?"

அம்மா சிரித்தா. "என்னட்டை ஆர் வரப்போகினம்?"

அந்தச் சிரிப்போடு படுத்தேன், நித்திரை வரவில்லை. அப்பா 2019 இல் போனவர். அதற்குப் பிறகு பதினோராம் மாடியில் இருக்கிற அந்த இரண்டு அறை வீட்டில் அம்மா மட்டும்தான். ஆறு வருடம். ஏறக்குறைய 2,200 இரவுகள். நான் இந்தப் பயணத்தில் தனியாக இருக்கப்போவது நாலு இரவு. என் நாலு இரவுக்காகச் சித்தி, தம்பி, அன்ரி, லண்டன் மச்சாள் என்று நாலு பேர் பதறினார்கள். அம்மாவின் 2,200 இரவுக்காக ஒருவராவது, நான் உட்பட, "தனியவோ?" என்று கேட்டோமா?

கேட்பதில்லை என்றும் சொல்ல முடியாது. "அம்மா எப்படி? பாவம், தனிய இருக்கிறா, என்ன?" என்று காணுகிற எல்லோரும் சொல்வார்கள். அதில் கேள்விக்குறி இல்லை. "ஓம், சமாளிக்கிறா" என்று நானும் சொல்லிவிடுவேன். அதோடு கதை வேறு பக்கம் போய்விடும்.

இரண்டாம் நாள் மனிற்றோபா. வினிபெக்கைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், கனடாவின் கிழக்குக்கும் மேற்குக்கும் நடு இதுதான் என்று ஒரு பலகை நிற்கிறது. இறங்கிப் படம் எடுத்தேன். நான் வந்துகொண்டிருந்த பாதை ட்ரான்ஸ் கனடா நெடுஞ்சாலை. அதன் ஒரு நுனி நியூபவுண்ட்லாந்தில் சென் ஜோன்ஸ், மறு நுனி பசிபிக் கரையில் விக்ரோறியா. 1986 ஓகஸ்டில் 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக் காப்பாற்றப்பட்டது நியூபவுண்ட்லாந்துக் கடலில். 2010 ஓகஸ்டில் 492 பேரோடு சன் சீ கப்பல் வந்து நின்றது விக்ரோறியாவுக்குப் பக்கத்து எஸ்குவைமோல்ற் கடற்படைத் தளத்தில். இந்த நாட்டின் மிக நீண்ட பாதையின் இரண்டு வாசலிலும் எங்கட சனம் நனைந்துபோய் வந்து நின்றிருக்கிறது. வந்தவர்கள் பெரும்பாலும் ரொறன்ரோவில் போய்ச் சேர்ந்தோம். நடுவில் இருக்கிற இந்தப் பாதை எங்களுக்குத் தெரியாது. என் வயதுக்காரருக்குக் கனடா என்றால் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன், கோடையில் நயாகரா. மிச்சமெல்லாம் விமானத்தின் யன்னலுக்குக் கீழே இருக்கிற முகில்.

அன்று இரவு கெனோறாவில் தங்கினேன். மூன்றாம் நாள் காடு தொடங்கியது. பாறை, ஏரி, ஊசியிலை மரம், திரும்பவும் பாறை. தொலைபேசியில் சிக்னல் இல்லை. தம்பி சொல்லித்தந்தபடி வரைபடத்தை முதலே இறக்கி வைத்திருந்தேன், நல்லதாய்ப் போயிற்று. பெற்றோல் நிலையங்களும் ஒன்றுக்கொன்று தூரம். ஒரு இடத்தில் பஞ்சாபிக்காரர் நடத்துகிற லொறித் தரிப்பிடம் வந்தது. ரொட்டி, பருப்பு, இஞ்சி போட்ட தேத்தண்ணி. மூன்று நாளாகக் குளிர்ந்த சான்ட்விச் தின்ற வாய்க்கு அது தேவாமிர்தம். பக்கத்து மேசையில் இருந்த வயதான சீக்கிய லொறிச் சாரதி, தனியாகவா ஓடுகிறாய் மகளே என்று ஆங்கிலத்தில் கேட்டார். திரும்பவும் அதே கேள்வி! ஓம் என்றேன். பாதித் தாங்கிக்குக் கீழே பெற்றோலை இறங்க விடாதே என்றார். பொழுதுபடுகிற நேரம் மூஸ் பாதைக்கு வரும், அதன் கால் உயரம், உடம்பு கார் விளக்கின் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், கண் மின்னாது, கிட்டப் போகும்வரை தெரியாது, ஆகவே இருட்டினால் வேகத்தைக் குறை என்றார். பிறகு, தானும் தனியாகத்தான் ஓடுகிறேன், வருடக் கணக்காக என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

சித்தி கேட்டதும் அவர் கேட்டதும் ஒரே கேள்விதான். அவர் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு எனக்கு என்ன தேவை என்று யோசித்தார். நாங்கள் கேட்டுவிட்டு, போகாதே என்கிறோம். போனால், சொன்னேன் தானே என்கிறோம்.

சித்தியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவ வளர்ந்த காலத்தில் பெண்பிள்ளை தனியாக ஒரு சோதனைச் சாவடியைக் கடப்பது என்றால் என்ன என்று அவவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அந்தப் பயம் அவ இங்கே கொண்டுவந்த பெட்டியிலேயே இருந்தது. 30 வருடமாகியும் அந்தப் பெட்டி இன்னும் முழுசாகத் திறந்து வைக்கப்படவில்லை.

தண்டர் பேக்கு முன்னால், காட்டுக்கு நடுவில், நேர வலயம் மாறுகிற இடம் வருகிறது. மேற்கு 90 பாகை. ஒரு பலகைதான், வேறொன்றுமில்லை. கார் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போயிற்று. கல்கரிக்கும் ரொறன்ரோவுக்கும் இரண்டு மணித்தியால வித்தியாசம். நான் வேலை முடிந்து, சமைத்து, சாப்பிட்டு, எட்டு மணிக்கு அம்மாவுக்கு எடுத்தால் அங்கே பத்து. "படுக்கப் போறன் பிள்ளை, நாளைக்குக் கதைப்பம்." எட்டு வருடத் தொலைபேசி உரையாடல்களில் பாதி இப்படித்தான் முடிந்தது. அன்றைக்கு அந்தப் பலகையைத் தாண்டியபோது, இனி அம்மாவின் மணிக்கூடும் என் மணிக்கூடும் ஒன்று என்று தோன்றியது. ஒரு மடத்தனமான சந்தோஷம். காருக்குள் யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே சிரித்தேன்.

தண்டர் பேயில் டெரி பொக்ஸின் சிலைக்குப் போனேன். ஸ்காபரோவில் படித்த பிள்ளைகள் எல்லோரும் செப்டெம்பரில் டெரி பொக்ஸ் ஓட்டம் ஓடியிருப்போம். அம்மா ஒரு லூனியைக் கடதாசியில் சுற்றித் தந்து விடுவா. புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் சென் ஜோன்ஸிலிருந்து 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடி, 1980 செப்டெம்பர் 1 அன்று இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது ஒரு எண். அதே பாதையில் மூன்று நாள் சும்மா இருந்து கார் ஓடியே முதுகு வலித்தபிறகுதான் அந்த எண் எனக்கு விளங்கியது.

நாலாம் நாளைப் பற்றித்தான் கொஞ்சம் கூட எழுத வேண்டும்.

தண்டர் பேக்குக் கிழக்கே நிபிகொன் ஆற்றுக்கு மேல் ஒரு பாலம் இருக்கிறது. கனடாவுக்குள்ளேயே கிழக்கிலிருந்து மேற்குக்குத் தரை வழியாகப் போக அந்த ஒரு பாலம்தான் வழி. 2016 ஜனவரியில், கட்டிக் கொஞ்ச நாளேயான அந்தப் பாலத்தின் தளம் ஒரு பக்கம் மேலெழும்பி, பாதை அடைபட்டது. அமெரிக்காவைச் சுற்றிப் போக வேண்டிய நிலை. ஒரு பெரிய நாடு ஒரு பாலத்தில் தொங்குகிறது என்று அப்போது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆனையிறவை அறிந்த சனத்துக்கு இதில் என்ன ஆச்சரியம்?

பாலத்தைத் தாண்டினால் சூப்பீரியர் ஏரி. ஏரி என்று சொல்வது பேருக்குத்தான், கடல் மாதிரி அலையடிக்கிறது. வளைவுக்கு வளைவு இறங்கிப் பார்த்தேன். வாவாவில் பெரிய இரும்பு வாத்தோடு படம் எடுத்தேன். இந்தக் கரையோரத்துப் பாதை 1960 இல்தான் முழுமையானது. அந்தக் காலத்தில் வாகனக்காரர் ஊருக்குள் வராமல் போய்விடுவார்கள் என்று பயந்து வாவாக்காரர் வைத்த வாத்தாம் அது. இப்படி இறங்கி இறங்கி ஏறியதில் நேரம் போனது தெரியவில்லை. வாவாவிலிருந்து சூ சென் மரிக்கு இன்னும் 225 கிலோமீற்றர் இருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. இரவில் ஓடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன்.

அந்த இருட்டை ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. விளக்கு இல்லை, வீடு இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் வாகனம் இல்லை. ஒரு பக்கம் காடு, மறு பக்கம் தண்ணீர். தண்ணீர் தெரியவில்லை, இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. 70 இல் ஓடினேன். கை வேர்த்தது. மூஸின் கால்களைத் தேடித் தேடிக் கண் எரிந்தது. இந்த மாதிரி இருட்டும் பக்கத்தில் தண்ணீரும் எனக்குப் புதிதில்லை என்று அப்போதுதான் ஒரு நினைப்பு வந்தது.

1992. எனக்கு ஆறு வயது, தம்பிக்கு இரண்டு. அப்பா கனடாவுக்கு வந்து மூன்று வருடம். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு ஆனையிறவுப் பாதை பூட்டு. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதென்றால் கிளாலியிலிருந்து இரவில் படகில் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். வெளிச்சம் போட்டால் நேவிக்குத் தெரிந்துவிடும், அதனால் விளக்கில்லை. எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். எஞ்சின் சத்தம், காலடியில் நின்ற தண்ணீர், என் வாயை மூடியிருந்த அம்மாவின் கை. நான் அழவில்லை, ஆனாலும் கையை எடுக்கவில்லை. தம்பிக்கு நித்திரையாக்கிற சளி மருந்து கொடுத்திருந்ததாகப் பிறகு ஆரோ சொல்லித் தெரியும். நாங்கள் வந்த அடுத்த வருடத் தொடக்கத்தில் அந்த நீரேரியில் படகுகள் தாக்கப்பட்டுப் பொதுமக்கள் பலர் செத்துப்போனார்கள். நாங்கள் தப்பியது அம்மாவின் கெட்டித்தனத்தால் அல்ல, எங்கட இரவு அப்படி அமைந்தது.

கரையேறி, லொறியிலும் ட்ராக்டரிலும் வன்னியைக் கடந்து, தாண்டிக்குளத்தில் வரிசையில் நின்று, வவுனியா, பிறகு கொழும்பு. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் எட்டு மாதம். பொலிஸ் பதிவு. கனடாத் தூதரகம். ஒருநாள் விமானம். அம்மாவுக்கு அப்போது 36 வயது. இப்போது எனக்கு இருக்கிற வயதைவிட மூன்று குறைவு. ஆங்கிலம் தெரியாது, சிங்களம் தெரியாது. யாழ்ப்பாணத்தைத் தாண்டி அதற்கு முதல் ஒருமுறைதான் வெளியே போயிருந்தாவாம்.

அந்த இருட்டில் கார் ஓடிக்கொண்டு யோசித்தேன். அம்மாவை அப்போது ஆராவது "தனியவோ போறாய்?" என்று கேட்டார்களா? எங்கட தாய்மாரில் எத்தனை ஆயிரம் பேர் இப்படி வந்தவை. எந்த வீட்டிலும் அந்தப் பயணத்தைச் சொல்லும்போது தனிய என்ற சொல் வருவதில்லை. "பிள்ளையளோட வந்தவ" என்றுதான் சொல்வோம். பிள்ளைகள் காவுகிற சாமானாக இருந்தாலும் ஆள்க் கணக்கில் சேர்த்தி. பிள்ளைகள் வளர்ந்து, வேலைக்கென்று ஒவ்வொரு திசையில் போனபிறகும் அதே கணக்கில்தான் இன்னும் அம்மாவை வைத்திருக்கிறோம். மகள் கல்கரியில், மகன் ஒட்டாவாவில், நல்லாய் இருக்கினம், அவவுக்கென்ன குறை?

இரவு பத்தரைக்கு சூ சென் மரிக்கு வந்து சேர்ந்தேன். அம்மா முழித்திருந்தா. எட்டு மணிக்கே வந்துவிட்டேன், சிக்னல் இல்லை என்று பொய் சொன்னேன். நம்பினாவோ தெரியாது.

ஐந்தாம் நாளில் சொல்ல ஒன்றுமில்லை. சட்பரி, பரி சவுண்ட், பிறகு பெரியில் தொடங்கிய வாகன நெரிசல் 401 வரை விடவில்லை. நாலு நாள் தனியாக இருந்துவிட்டு அத்தனை காரைக் கண்டதும் எரிச்சலுக்குப் பதில் ஆறுதலாக இருந்தது, அதுவும் ஒரு கோலம்.

பதினோராம் மாடிக் கதவைத் திறந்ததும் அம்மா என்னைக் கட்டிப்பிடித்தா, தலையைத் தடவினா, மெலிஞ்சிட்டாய் என்றா. புட்டும் மீன் குழம்பும் தயாராக இருந்தது. நான் இரண்டாம் வாய் வைக்க முதலே வழமையான கேள்வி வந்தது.

"எப்ப போறாய்?"

புலம்பெயர்ந்த வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் இருப்பா என்று நான் நினைக்கவில்லை. ஊருக்குப் போனாலும் இதுதான் நடக்கும், படலை திறக்க முதல் பெரியம்மா கேட்பா. போகச் சொல்லிக் கேட்பதில்லை அது. இருக்கிற நாளை எண்ணி, அதற்குள் நண்டு எப்போது, தோசை எப்போது, கோயில் எப்போது என்று பிரித்து வைக்கக் கேட்பது. ஒவ்வொரு முறையும் என்னிடம் பதில் இருந்தது. ஞாயிறு பின்னேரம் ஆறு மணி விமானம். திங்கள் விடிய. இந்த முறை திரும்புகிற ரிக்கெற் இல்லை. வேலை முடிந்ததையும் அதுவரை நான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை, லீவு என்றுதான் சொல்லியிருந்தேன். புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நாளைக்கு நண்டு வேண்டத் தேவையில்லை, ஆறுதலாய் வேண்டுவம்" என்றா.

முதல் மூன்று நாளும் எனக்குத் தெரிந்த அம்மா. விடிய எழும்பிச் சமையல், சேலை மாற்றிக் கோயில், பின்னேரம் வடை. நாலாம் நாள் கொஞ்சம் களைப்பு. ஆறாம் நாள் பகல் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் தேத்தண்ணியும் ரஸ்க்கும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. பகல் சாப்பாடு. என்னைக் கண்டதும் திடுக்கிட்டு எழும்பினா. "ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது" என்றா. நான் இல்லாத நாட்களில் வழமையே இதுதான் என்று அப்போது விளங்கியது. குளியலறையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. நான் வரும்போதெல்லாம் அது பல்கனிக்குப் போய்விடுமாம். போன மாசியில் குளிக்கும்போது விழுந்து, கை வீங்கி, பக்கத்து வீட்டு பிலிப்பினோப் பெண்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. "ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன். "சொன்னா நீ ரிக்கெற் போட்டுக்கொண்டு ஓடி வருவாய். மூண்டு நாள் நிண்டிட்டுப் போவாய். அதுக்கு ஏன் காசைச் சிலவழிப்பான்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

எட்டு வருடத்தில் நான் வருடத்துக்கு மூன்று தரம் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நண்டு சாப்பிட்டேன், குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன், வங்கிக் கடிதங்களைப் பார்த்தேன், குளிர்சாதனப் பெட்டியை நிரப்பினேன். நல்ல மகள் என்று அன்ரிமார் சொன்னார்கள். நானும் நம்பினேன். உண்மையில் நான் பார்த்ததெல்லாம் என் வருகைக்காக அம்மா தயாராகி நடத்திய மூன்று நாள் திருவிழாவைத்தான். நானும் அவவுக்கு என் திருவிழாவைத்தான் காட்டினேன்: நல்ல வேலை, நல்ல உடுப்பு, கல்கரியில் எல்லாம் சுகம். இரண்டு பேரும் தனித்தனியாக விழுந்து எழும்பிக்கொண்டு, சந்திக்கிற மூன்று நாளும் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு வேலை போனதால்தான் இதெல்லாம் தெரிந்தது, புண்ணியத்தால் அல்ல. முதியோர் இல்லம் என்று சொன்னாலே குற்றம் என்கிற பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ் பேசுகிற பணியாளரும், சோறும் கறியும் கிடைக்கிற இடம் இருந்தால் எத்தனையோ தாய்மார் சந்தோஷமாகப் போவார்கள். அப்படியான இடங்கள் மிகக் குறைவு, காத்திருப்புப் பட்டியலோ வருடக் கணக்கு. கோயில் கட்டவும், மண்டபம் எடுத்துப் பிறந்தநாள் கொண்டாடவும் எங்கட சமூகத்திடம் இருக்கிற காசையும் கெட்டித்தனத்தையும் பார்க்கும்போது, இதைச் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை. இன்னும் கேள்வி கேட்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். பெண்பிள்ளை தனியாகக் கார் ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டு நம்பர் தேடி எடுத்து அழைக்கிற அந்த அன்ரி, தன் சிநேகிதி மாசியில் மூன்று கிழமை கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டதாகத் தெரியவில்லை. நானும்தான். அந்த மூன்று கிழமையும் அம்மா "குளிர் கூட, அதுதான் வெளியில போகேல்லை" என்று சொன்னதை அப்படியே நம்பினேன்.

ஒருநாள் இரவு கிளாலியைப் பற்றிக் கேட்டேன். அம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. வாவா இருட்டைச் சொல்லி, இரவில் ஓடினதை ஒத்துக்கொண்டு, பேச்சை இழுத்தேன். முதலில் நல்ல ஏச்சு விழுந்தது. பிறகு கேட்டேன்: "நீங்கள் மட்டும் அப்ப தனிய வந்தனீங்கள் எல்லோ?"

"நான் எங்க தனிய வந்தனான்? நீங்கள் ரெண்டு பேரும் இருந்தனீங்கள் எல்லோ" என்றா. கொஞ்சம் பொறுத்து, "தனிய எண்டால் கொப்பர் செத்த பிறகுதான்" என்றா.

இப்போது மூன்று கிழமை ஆகிறது. முன் அறையில் என் பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. ரொறன்ரோவில் வேலை தேடுகிறேன், இரண்டு நேர்முகம் முடிந்தது, முடிவு வரவில்லை. கிடைக்காவிட்டால் திரும்ப மேற்கே போக வேண்டியும் வரலாம். அம்மாவுக்கும் எனக்கும் தினமும் ஒரு சின்னச் சண்டை: நான் பிந்தி எழும்புகிறேனாம், தண்ணியை வீணாக்குகிறேனாம். பிளாஸ்டிக் கதிரை குளியலறையிலேயே நிற்கிறது. சுவரில் பிடித்து எழும்பக் கம்பி பூட்ட ஆள் வருகிற வியாழக்கிழமை வருகிறார். மதியத்தில் இரண்டு பேரும் சோறு சாப்பிடுகிறோம்.

தம்பிக்கு நேற்று எழுதினேன். கிறிஸ்மஸுக்கு வரும்போது திரும்புகிற நாளை அம்மாவுக்குச் சொல்லாதே, கேட்டாலும் தெரியாது என்று சொல், ஒரு கிழமையாவது நில் என்று. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பியிருக்கிறான். பார்ப்பம்.